அடிப்பக்கம்

எங்கள் எடைமேடை
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் அறியாது.
லாரி ஏறும், சிவப்பு எண் துடித்து நிற்கும்.
எழுதிக்கொள்வேன்:
எருமைத்தோல், உப்பிட்டது, ஒன்பது டன் நாற்பது.

தோலை உதறும் கொட்டகைக்குப் பின்னால்
கசிவு போய்த் தேங்கும் கொஞ்சம் சேறு.
ராணிப்பேட்டையில் மூக்குள்ள எவரும்
நிற்காத இடம்.
ஐப்பசி மழை விட்ட மறுநாள் அங்கேதான்
கொன்னை வெள்ளையன்கள், நாற்பதோ ஐம்பதோ,
எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து
உறிஞ்சிக்கொண்டிருந்தன.
யாரோ கிழித்துப் போட்ட கடிதம்
காற்றுக்குக் காத்திருப்பதுபோல.

அத்தனையும் ஆண்கள், என்றார் பாக்கியசீலன்.
காட்பாடி பார்சல் ஆபீசில் இருந்துகொண்டு
என் படங்களுக்குப் பெயர் சொல்பவர்.
நேரில் பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்த பாக்கியசீலன்
ஒரு இருமல், பின்னால் ஒரு ரயில் அறிவிப்பு.
உப்பு அவற்றுக்குச் சீர்வரிசை சார்,
மாப்பிள்ளை வீடு கொண்டுபோவது, என்றார்.
அதே உப்புதான்
எங்கள் தெருக்குழாயில் வந்து டீயைக் கெடுக்கிறது.
அதை அவரிடம் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு வெளியே தனியாக ஒன்று,
கட்டைவிரல் நகத்தளவு.
வெயிலுக்குச் சிறகை விரித்தது:
நீலம்.
சட்டைத்துணியில், சுவரில், சாமி படத்தில்
இல்லாத நீலம்.
எடுத்தேன், அனுப்பினேன், பெருமையாக.
பதில் ஒரே சொல்:
அடிப்பக்கம்?

நீலத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம்.
இந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும்
அதே நீலச் சட்டை.
சிறகை மூடவேண்டும். மூடினால் சாம்பல்.
சாம்பலில் புள்ளிகள்.
முன்சிறகின் நடுவே ஒரு புள்ளி கூடுதலாக இருந்தால்
ஒரு பெயர்,
இல்லாவிட்டால் வேறு பெயர்.

இரண்டு லாரிகளுக்கு இடையே
சேற்றில் குப்புறப் படுத்தேன்.
நெஞ்சுவலி என்று நினைத்து
வாட்ச்மேன் குப்புராஜ் சொம்போடு ஓடிவந்தார்.
அவர் நிழல் விழுந்தது, அது பறந்தது.
மறுபடி வந்தது. காத்திருந்தேன்.
முழங்கையில் சுண்ணாம்பு எரிந்தது.
இருபத்துமூன்று படங்கள்.
இருபத்திரண்டில் சேறு மட்டும் தெளிவு.

மிச்சம் ஒன்றில் எல்லாம் இருந்தது:
கொம்பின் கருப்பு வெள்ளை வளையம்,
ஓரத்து மயிர்,
கண்ணில் ஒரு துளி வானம்.
அந்தப் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில்
ஒட்டிக்கொண்டிருந்தது
ஒரு உப்புக்கல்.

பெரிதாக்கிப் பார்த்தேன். கல் பெரிதானது.
பாக்கியசீலன் ரொம்ப நேரம் பேசவில்லை.
ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஒன்றாவது நடைமேடைக்கு
வந்துகொண்டிருந்தது.
பிறகு சொன்னார்:
தேதி போடுங்கள், இடம் போடுங்கள்,
பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள்.
அதுவும் கணக்குதான்.

எடைச்சீட்டின் முதுகில் எழுதினேன்.
இடம் என்ற வரியில் கொஞ்சம் தயங்கி
கம்பெனிப் பெயரை விட்டு
'சேறு' என்று மட்டும்.

அது முடிந்துபோன கதை என்றிருந்தேன்.
நேற்று மூன்றரை மணிக்கு,
எடைமேடையின் இரும்புத் தகட்டில்
மழைநீர் காய்ந்த கறையில்
வந்து உட்கார்ந்தது, அதுவோ அதன் பங்காளியோ.
பெட்டியில் சிவப்புச் சுழியம் அசையவில்லை.
சித்தூர் லாரி ஒன்று
முன்சக்கரத்தை ஏற்றப் பார்த்தது.
கையை நீட்டி நிறுத்தினேன்.
ஒரு கையில் சீட்டுக்கட்டு, மறு கையில் போன்.
டிரைவர் தலையை வெளியே நீட்டி
தெலுங்கில் என்னவோ கேட்டார்.

அடிப்பக்கம், என்றேன்.